முதற்காலப் போர் ஒளிப்படங்களும் களச்சாவு பற்றிய பொதுமக்கள் புரிதலும்: கிரிமியா முதல் மாண்டலே வரை (1855 – 1886)

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒளிப்படக் கருவி போர்க்களத்தை அடைந்தது. அதுவரை ஓவியம், செய்தித்தாள், மடல் ஆகியவற்றின் வழியாகவே வீரனின் சாவை அறிந்திருந்த மக்கள், களத்தில் கிடந்த உடலை ஒளிப்படமாகக் காணத் தொடங்கினர். இம்மாற்றம் போரின் உண்மையை மக்களுக்கு உள்ளவாறே உணர்த்தியது என்பது பரவலான கருத்து. ரோஜர் ஃபென்டன், ஃபெலிச்சே பியாட்டோ, அலெக்சாண்டர் கார்ட்னர், திமொத்தி ஓ'சல்லிவன் ஆகியோரின் படங்களை முன்வைத்து இக்கட்டுரை அக்கருத்தை மறுபரிசீலனை செய்கிறது. எவருடைய சாவு காட்டப்பட்டது, எவருடையது மறைக்கப்பட்டது, படத்தின் கீழ் எழுதப்பட்ட சொற்கள் உடலுக்கு என்ன பொருள் தந்தன என்னும் வினாக்களே இதன் மையம்.

திறவுச் சொற்கள்: போர் ஒளிப்படம், களச்சாவு, ஈரத்தட்டு முறை, ஆன்டீட்டம், கெட்டிஸ்பர்க், நற்சாவு, படவிளக்கம்

முன்னுரை

பெஞ்சமின் வெஸ்ட் 1770இல் தீட்டிய ஓவியம் ஒன்றில் ஆங்கிலத் தளபதி உல்ஃப் கியூபெக் களத்தில் உயிர் துறக்கிறார். நடுவில் அவர் சாய்ந்து கிடக்க, அதிகாரிகள் சூழ்ந்து நிற்கின்றனர். மேலே மேகம் விலகி ஒளி பரவுகிறது. சூழ்ந்து நிற்பவராகக் காட்டப்படுவோருள் பலர் அவ்வேளையில் அவ்விடத்தில் இருந்தவர் அல்லர். எனினும் அக்காலப் பார்வையாளர் இதை ஒரு குறையாகக் கருதவில்லை. ஏனெனில் போர் ஓவியத்தில் சாவு என்பது பெயருடையோரின் சாவு. அதற்கு ஒரு நோக்கமும் சாட்சிகளும் உண்டு. பெயரற்ற படைவீரரின் உடல்கள் ஓவியத்தின் ஓரங்களை நிரப்பும் பொருள்களாக மட்டுமே இடம்பெற்றன.

ஒளிப்படம் இவ்வமைப்பைத் தலைகீழாக்கியது. தளபதி விழும் கணத்தைக் கருவியால் பிடிக்க இயலவில்லை. போர் முடிந்து இரண்டு மூன்று நாள்களுக்குப் பின் புதைப்பாரின்றிக் கிடந்தவர்களையே அதனால் பிடிக்க முடிந்தது. எனவே ஓரத்தில் கிடந்த உடல் நடுவுக்கு வந்தது. இந்த இடமாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதன் விளைவு யாது என்பவற்றை இனிக் காண்போம்.

ஈரத்தட்டும் அசையா உடலும்

ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட கொலோடியன் ஈரத்தட்டு முறையே இக்காலப் போர்ப் படங்களின் அடிப்படை. கண்ணாடித் தட்டின் மீது கொலோடியன் என்னும் பசைநீர்மத்தைச் சீராகப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் கருவியில் பொருத்திப் படமெடுத்து, உடனே இருட்டறையில் உருத்துலக்க வேண்டும். இவை அனைத்தும் சில நிமிடங்களில் முடிய வேண்டும். தட்டு உலர்ந்தால் அதன் ஒளியுணர்வு கெடும். ஆகவே ஒளிப்படக் கலைஞர் இருட்டறையையும் தம்முடன் வண்டியில் ஏற்றிச் சென்றார். களத்தின் தூசியும் வெயிலும் மருந்துகளைக் கெடுத்தன.

ஒளியூட்டலுக்குப் பல நொடிகள் தேவைப்பட்டன. அந்நேரத்தில் ஓடும் குதிரையோ உயரும் வாளோ தட்டில் பதியாது. பதிந்தாலும் புகைபோன்ற கறையாகவே எஞ்சும். பாய்ச்சலும் மோதலும் கருவிக்கு அப்பாற்பட்டவை. களத்தில் முற்றிலும் அசையாமல் இருந்தவர்கள் இறந்தோர் மட்டுமே. போரின் வீரத்தைக் காட்ட இயலாத கருவி அதன் விளைவை மட்டும் மிகத் துல்லியமாகக் காட்டியதற்குக் கலைஞரின் அறவுணர்வைவிட வேதியியலே முதற்காரணம். இதை மறந்து அவர்களைப் போர் எதிர்ப்பாளர்களாக உயர்த்திப் பேசுவது பொருந்தாது. அவர்களுள் பெரும்பாலோர் படம் விற்றுப் பிழைத்த தொழில்முறையாளர்.

மற்றொரு தடையும் இருந்தது. ஒளிப்படத்தை நேரடியாகச் செய்தித்தாளில் அச்சிடும் முறை அன்று நடைமுறையில் இல்லை. படத்தைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்கியே இதழ்கள் அச்சிட்டன. செதுக்குபவர் தம் விருப்பம்போல் சிலவற்றைச் சேர்க்கவும் நீக்கவும் செய்தார். உண்மையான ஒளிப்படத்தைக் காண விரும்பியோர் காட்சிக்கூடத்திற்குச் செல்ல வேண்டும். அல்லது அட்டையில் ஒட்டிய படியை விலைகொடுத்து வாங்க வேண்டும்.

பிணமில்லாப் போர்: கிரிமியா

ரோஜர் ஃபென்டன் 1855 மார்ச்சில் கிரிமியாவை அடைந்தார். மான்செஸ்டரின் தாமஸ் அக்னியூ நிறுவனம் அவரை அனுப்பியது. மது வணிகர் ஒருவரின் பழைய வண்டியை இருட்டறையாக மாற்றிக்கொண்டு, கோடை தொடங்கும் வரை தங்கி, 350க்கும் மேற்பட்ட தட்டுகளுடன் அவர் திரும்பினார். அதிகாரிகள், கூடாரங்கள், பாலக்லாவா துறைமுகம், சமைக்கும் வீரர்கள் எனப் பலவும் அவற்றுள் உண்டு. ஆனால் களத்தில் கிடக்கும் பிணம் ஒன்றுகூட இல்லை.

அவர் பிணங்களைக் காணாதவர் அல்லர். பாதி புதைந்து கிடந்த எலும்புக்கூடுகளைக் கண்டதைத் தம் மடலில் அவரே எழுதியுள்ளார். மடலில் எழுதியதை அவர் தட்டில் பதிவு செய்யவில்லை. டைம்ஸ் இதழின் செய்தியாளர் வில்லியம் ஹோவர்டு ரசல் படையின் அவலநிலையை எழுதி நாட்டையே கொந்தளிக்கச் செய்த வேளையில், அதே படையைப் பற்றிய அமைதியான படங்கள் இலண்டனில் காட்சிக்கு வந்தன. அரசு இவ்வாறு கட்டளையிட்டதா, விற்பனையாகும் படம் எது என்னும் வணிகக் கணிப்பா, நாகரிகம் குறித்த அக்கால உணர்வா என்பதில் அறிஞர் வேறுபடுகின்றனர். அக்கணிப்புக்கும் அவ்வுணர்வுக்குமே பெரும்பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆயினும் சாவைக் குறித்த மிக ஆழமான படத்தையும் ஃபென்டனே எடுத்தார். 'சாவு நிழலின் பள்ளத்தாக்கு' எனத் திருமறைச் சொற்றொடரால் அழைக்கப்படும் அப்படத்தில் மனிதரே இல்லை. வெறும் பாதையும் சிதறிய பீரங்கிக் குண்டுகளும் மட்டுமே உள்ளன. இதற்கு இரு வடிவங்கள் கிடைத்துள்ளன. ஒன்றில் குண்டுகள் பள்ளத்தில் மட்டும் கிடக்கின்றன. மற்றொன்றில் பாதை முழுதும் பரவியுள்ளன. ஃபென்டனே குண்டுகளைப் பாதையில் பரப்பினார் என்று சூசன் சொன்டாக் 2003இல் எழுதினார். திரைப்பட இயக்குநர் எரல் மாரிஸ் இதனை ஐயுற்றுக் கிரிமியாவுக்கே சென்று ஆராய்ந்தார். இறுதியில் இரு படங்களிலும் உள்ள சிறு கற்களின் இடப்பெயர்ச்சியைக் கொண்டு, குண்டுகளற்ற பாதையே முதலில் எடுக்கப்பட்டது என உறுதியாயிற்று. குண்டுகளைப் பரப்பியது ஃபென்டனா, வேறு எவருமா, எதற்காக என்பதைக் கற்கள் சொல்லவில்லை.

எதிரியின் உடல்: இலக்னோ, தாக்கு

பிணத்தைக் காட்டக் கூடாது என்னும் அத்தயக்கம் எல்லோருடைய பிணத்திற்கும் பொருந்தவில்லை. செவஸ்தோபோல் வீழ்ந்தபின் கிரிமியாவில் பணியாற்றிய ஃபெலிச்சே பியாட்டோ 1858இல் இலக்னோ வந்தார். அதற்கு முந்தைய நவம்பரில் காலின் கேம்பலின் படை சிக்கந்தர் பாக் மாளிகையைத் தாக்கி ஏறத்தாழ 2,000 இந்தியச் சிப்பாய்களைக் கொன்றிருந்தது. பியாட்டோவின் படத்தில் சிதைந்த மாளிகையின் முற்றம் முழுதும் எலும்புகளும் மண்டையோடுகளும் பரவிக் கிடக்கின்றன. பின்புறம் சிலர் நிற்கின்றனர், ஒரு குதிரையும் உண்டு. கொலை நிகழ்ந்து மாதங்கள் கழிந்தபின் எடுக்கப்பட்ட படம் இது. எலும்புகள் படத்திற்காகவே மீண்டும் வெளியே எடுத்துப் பரப்பப்பட்டிருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கருத்து.

இரண்டாண்டுகளுக்குப் பின் சீனத்தின் தாக்குக் கோட்டையில் இது வேறு வடிவம் பெற்றது. 1860 ஆகஸ்டில் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் கோட்டையைக் கைப்பற்றிய உடனே பியாட்டோ உள்ளே நுழைந்தார். உடனிருந்த படை மருத்துவர் ரென்னி தரும் நேர்ச்சாட்சி நம்மைத் திடுக்கிட வைப்பது. பீரங்கியைச் சுற்றி விழுந்து கிடந்த சீன வீரர்களின் குழுவைப் பியாட்டோ அழகிய காட்சியாகக் கண்டு வியந்தார். தாம் படமெடுத்து முடிக்கும்வரை எவரும் அவ்வுடல்களைத் தொட வேண்டாமென வேண்டினார். படையெடுத்தோர் தரப்பிலும் உயிரிழப்பு இருந்தது. படங்களில் கிடப்போர் சீனர் மட்டுமே.

படம் வாங்கியோர் இந்தியாவிலிருந்த ஆங்கில அதிகாரிகளும் அவர்தம் உறவினரும். சிப்பாயின் எலும்பு அவர்களுக்குத் துயரச் செய்தி அன்று. கணக்குத் தீர்ந்ததற்கான சான்று. முற்றத்தில் கிடந்தவர்களின் தாயரும் மனைவியரும் அப்படத்தின் பார்வையாளராக எவராலும் எண்ணப்படவே இல்லை.

ஆன்டீட்டம்: வாசலில் வந்த களம்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இந்தத் தொலைவு குலைந்தது. இங்கு எதிரியும் அதே மொழி பேசுபவன். பெரும்பாலும் அதே சமயத்தவன். 1862 செப்டம்பர் 17 அன்று மேரிலாந்தின் ஆன்டீட்டம் ஓடைக்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமற்போயும் இழப்பாயினர். இரு நாள் கழித்து அலெக்சாண்டர் கார்ட்னரும் ஜேம்ஸ் கிப்சனும் அங்குப் படமெடுக்கத் தொடங்கினர். வேலியோரம் வரிசையாகவும், தாழ்ந்த பாதை ஒன்றினுள் குவியலாகவும், சிறு வெண்ணிறத் தேவாலயம் ஒன்றின் முன்னும் உடல்கள் கிடந்தன. அமெரிக்கப் போர்க்களத்தில் புதைக்கப்படாத வீரர்களைக் காட்டிய முதற்படங்கள் இவை எனக் கொள்ளப்படுகின்றன.

அக்டோபரில் நியூயார்க்கின் பிராட்வே தெருவில் இருந்த மாத்யூ பிரேடியின் கூடத்தில் 'ஆன்டீட்டத்தின் இறந்தோர்' என்னும் தலைப்பில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. கூட்டம் படியேறி வந்தது. அக்டோபர் 20 அன்று நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட கட்டுரை இன்றளவும் பேசப்படுவது. காலை இதழில் மாண்டோர் பட்டியலைக் கண்டு காப்பியோடு மறந்துவிடும் நகரத்தாரை அது முதலில் சாடுகிறது. பிரேடி உடல்களையே கொணர்ந்து நம் வீட்டு வாசலில் கிடத்தவில்லையாயினும் அதற்கு ஒப்பானதைச் செய்துவிட்டார் என்னும் பொருளில் பின்னர் எழுதுகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்த்தால் முகங்களையும் அடையாளம் காணலாம் என்று சொல்லி, தன் கணவனையோ மகனையோ உடன்பிறந்தானையோ ஒரு பெண் அங்கே கண்டுகொள்ளும் நேரத்தில் அக்கூடத்தில் இருக்கத் தாம் விரும்பவில்லை என்கிறார் அதன் ஆசிரியர்.

இந்த அச்சமே புதியது. ஓவியத்தில் மாண்ட வீரன் எவருடைய மகனும் அல்லன்; ஒளிப்படத்தில் மாண்டவன் கட்டாயம் யாரோ ஒருவரின் மகன். பட்டியலில் பெயர் உண்டு, உடல் இல்லை. படத்தில் உடல் உண்டு, பெயர் இல்லை. இவ்விரண்டும் சேராமல் நின்ற இடைவெளியில்தான் அக்கால இல்லங்களின் துயரம் இருந்தது.

மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், காயமுற்ற தம் மகனைத் தேடி ஆன்டீட்டத்திற்கு நேரில் சென்றவர். மகன் உயிருடன் கிடைத்தான். பின்னர் அப்படங்களைப் பெற்றபோது, களத்தில் கண்ட காட்சிகள் அனைத்தும் மீண்டெழுந்ததால், சிதைந்த உடல்களை மண்ணுள் மறைப்பதுபோல் அவற்றை அலமாரியின் மறைவில் வைத்துவிட்டதாக 1863இல் எழுதினார். இரட்டைப்படக் காட்டியை எளிமையாக வடிவமைத்துப் பரப்பியவரும் இவரே என்பது இங்கு எண்ணத்தக்கது. ஆன்டீட்டப் படங்களுள் பெரும்பாலானவை அத்தகைய இரட்டைப்படங்கள். காட்டியின் வழியே நோக்குங்கால் உடல்கள் கனபரிமாணத்துடன் கண்முன் கிடக்கும்.

இங்கும் காட்டப்பட்ட சாவு சமமானதன்று. களம் வடபுலப் படையின் வசம் எஞ்சியதால் அவர்கள் தம் தோழரை முதலில் புதைத்தனர். கார்ட்னர் வந்தபோது வெளியே கிடந்தோர் பெரும்பாலும் தென்புலத்தார். ஒரு படத்தில் வடபுலத்து அதிகாரி ஒருவரின் புதிய கல்லறைமேடும், அதன் அருகே புதைக்கப்படாத தென்புல இளைஞனின் உடலும் உள்ளன. அதற்கு 'முரண்' என்றே பெயரிட்டுள்ளனர். நியூயார்க் மக்கள் கண்டது தம் பிள்ளைகளின் உடலை அன்று, பகைவரின் உடலையே. ஆயினும் அதில் தம் பிள்ளைகளைக் கண்டு நடுங்கினர். அந்த நடுக்கம் போரை நிறுத்தவில்லை. போர் மேலும் இரண்டரை ஆண்டுகள் நீடித்தது.

கெட்டிஸ்பர்க்: ஒரே உடல், இரு பெயர்

1863 ஜூலை 1 முதல் 3 வரை நிகழ்ந்த கெட்டிஸ்பர்க் போரின் பின் கார்ட்னர், கிப்சன், ஓ'சல்லிவன் ஆகிய மூவரும் களத்தை அடைந்தனர். ஓ'சல்லிவனின் 'சாவின் அறுவடை' அங்கு எடுக்கப்பட்டதே. காலணி கழற்றப்பட்ட, உப்பிய உடல்கள் புல்வெளியில் கிடக்க, தொலைவில் பனிமூட்டம் போன்ற மங்கலில் குதிரைவீரர் ஒருவர் தெரிகிறார்.

கார்ட்னர் 1866இல் 100 படங்கள் கொண்ட தம் இருதொகுதி நூலில் இதை வெளியிட்டபோது, கிடப்போர் கிளர்ச்சிப் படையினர் என விளக்கம் எழுதினார். அடுத்த படத்தில், தளபதி ரெனால்ட்ஸ் வீழ்ந்த இடத்தில், வடபுல வீரர்கள் அமைதி தவழும் முகத்துடன் கிடப்பதாக எழுதினார். வில்லியம் ஃபிராசனிட்டோ 1975இல் இவ்விரு படங்களையும் ஒப்புநோக்கி, இரண்டிலும் உள்ளவை ஒரே உடல்களே, எதிரெதிர்த் திசைகளிலிருந்து எடுக்கப்பட்டவை என நிறுவினார். பகைவன் எனில் முகத்தில் வேதனை. நம்மவன் எனில் அமைதி. வேறுபாடு படத்தில் இல்லை. எழுதியவரின் சொல்லில் இருந்தது.

இதனினும் புகழ்பெற்றது 'கிளர்ச்சிக் குறிவீரனின் இருப்பிடம்' என்னும் படம். இரு பாறைகளுக்கிடையே கற்சுவர் எழுப்பிய மறைவிடத்தில் ஓர் இளைஞன் மாண்டு கிடக்கிறான். சுவரில் துப்பாக்கி சாய்ந்து நிற்கிறது. அதே உடலைச் சற்றுத் தொலைவில் வேறிடத்தில் காட்டும் படங்களும் உள்ளன. உடல் ஏறத்தாழ 40 கெசம் மேட்டின் மீது சுமந்து செல்லப்பட்டு அங்குக் கிடத்தப்பட்டது என்பதும், அத்துப்பாக்கி குறிவீரர் பயன்படுத்தும் வகையன்று என்பதும் ஃபிராசனிட்டோவின் முடிபுகள். நவம்பரில் தாம் மீண்டும் சென்றபோது எலும்புக்கூடும் துப்பாக்கியும் அங்கேயே இருந்தன என்று கார்ட்னர் எழுதியது நம்பத்தக்கதன்று; நினைவுப்பொருள் தேடுவோர் நிறைந்த களத்தில் துப்பாக்கி நான்கு திங்கள் தப்பியிருக்க வழியில்லை.

பெயரற்ற உடலுக்கு ஒரு வீடும் ஒரு வரலாறும் கற்பித்துத் தந்தார் கார்ட்னர். பார்ப்போர் வெறும் பிணத்தைத் தாங்கவில்லை. தனிமையில், எவரும் அறியாமல், தன் இல்லத்தை எண்ணிக்கொண்டே இறந்த ஒருவனின் கதையைத் தாங்கினர். போலியைச் செய்தவர் என அவரை ஒதுக்குவது எளிது. ஆனால் மக்கள் எதைக் காண வேண்டினர் என்பதற்கு அப்போலி மிகச் சிறந்த சான்றாகிறது.

நற்சாவும் மூன்று குழந்தைகளின் படமும்

மக்கள் வேண்டியது யாது என்பதை ட்ரூ கில்பின் ஃபாஸ்ட் 2008இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்குகிறது. அக்கால அமெரிக்கரிடையே 'நற்சாவு' என்னும் கருத்து வேரூன்றியிருந்தது. வீட்டில், உற்றார் சூழ, இறுதிச்சொல் கூறி, இறைவனை ஏற்று இறப்பதே நற்சாவு. போர் இதனை இலட்சக்கணக்கானோருக்கு இல்லாமலாக்கியது. அப்போரில் இறந்தோர் நெடுங்காலமாக 6,20,000 எனக் கணிக்கப்பட்டனர், அண்மை ஆய்வுகள் இதனினும் மிகுதியாகக் கொள்கின்றன. தோழரும் செவிலியரும் இரங்கல் மடல்களில் இறுதிச்சொல்லையும் அமைதியான முகத்தையும் விரிவாக எழுதி அக்குறையை நிரப்ப முயன்றனர். கார்ட்னரின் படவிளக்கங்களில் காணும் 'அமைதி தவழும் முகம்' இம்மடல்களின் மொழியே. காட்சிக்கூடத்தின் படங்களோ அம்மடல்களுக்கு மறுப்பாக நின்றன.

இவ்விடத்தில் எதிர்த்திசையில் பயணித்த ஒளிப்படம் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். கெட்டிஸ்பர்க்கில் அடையாளம் ஏதுமின்றிக் கிடந்த வடபுல வீரர் ஒருவரின் கையில் மூன்று குழந்தைகளின் சிறு கண்ணாடிப் படம் இருந்தது. ஃபிலடெல்ஃபியா மருத்துவர் ஜான் ஃபிரான்சிஸ் போர்ன்ஸ் அதைப் பெற்று இதழ்களுக்குச் செய்தி தந்தார். இதழில் ஒளிப்படம் அச்சிட வழியில்லாததால் படத்தைச் சொற்களால் வருணித்தனர்: நடுவில் உயர்ந்த நாற்காலியில் இளையவன், இருபுறமும் அண்ணனும் அக்காளும், அண்ணனின் சட்டைத்துணியும் அக்காளின் ஆடைத்துணியும் ஒன்றே. அச்செய்தி பல ஊர்களுக்கும் பரவியது. நியூயார்க் மாநிலத்தின் போர்ட்வில் ஊரில் ஃபிலிண்டா ஹியூமிஸ்டன் என்பவர் அவ்வருணனையை அறிந்து ஐயுற்று மடல் எழுதினார். படத்தின் படி 1863 நவம்பரில் அவர் கைக்கு வந்தது. 154ஆம் நியூயார்க் படைப்பிரிவின் ஆமோஸ் ஹியூமிஸ்டன் இறந்துவிட்டார் என்பதை, தாம் கணவருக்கு அனுப்பிய குழந்தைகளின் படத்தைத் திரும்பக் கண்டே அவர் மனைவி அறிந்தார்.

களத்து உடலின் படம் எவருக்கும் பெயர் தரவில்லை. வீட்டிலிருந்து சென்ற படமோ களத்து உடலுக்குப் பெயர் தந்தது. அக்குழந்தைகளின் படம் ஆயிரக்கணக்கில் விற்பனையாகி, போரில் தந்தையை இழந்தோர்க்கான இல்லம் ஒன்று 1866இல் கெட்டிஸ்பர்க்கில் திறக்கப்படத் துணைசெய்தது. அதே ஆண்டில் 150 டாலர் விலையில் வந்த கார்ட்னரின் நூல் விலைபோகவில்லை. பிரேடி கடனில் மூழ்கினார். அரசு 1875இல் அவருடைய தொகுப்பை 25,000 டாலருக்கு வாங்கியது. போர் முடிந்தபின் எந்த இல்லமும் பிணத்தின் படத்தை மேசையில் வைத்துப் பார்க்க விரும்பவில்லை.

மாண்டலே, 1886

1880களில் ஈரத்தட்டின் இடத்தை ஆலைகளில் செய்த உலர்தட்டு பிடித்தது. ஒளியூட்டல் நொடியின் சிறு கூறாகக் குறைந்தது. இறந்தபின் கிடக்கும் உடலை மட்டுமே காட்ட முடிந்த கருவியால் இப்போது இறக்கும் கணத்தையே நெருங்க முடிந்தது.

சென்னைக் குதிரைப்படையைச் சேர்ந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் அதை முயன்றார். 1876 – 78 பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்து மக்களின் எலும்புக்கூடான உடல்களை வரிசையாக அமரவைத்து எடுத்த படங்களால் தமிழ் வாசகர் பலர் அவரை, பெயரறியாமலேனும், அறிவர். மூன்றாம் பர்மியப் போரின்பின் மாண்டலேயில் படைக் காவல் அதிகாரியாக இருந்த அவர், சுட்டுக்கொல்லப்படவிருந்த பர்மியக் கைதிகளின்மீது குண்டு பாயும் கணத்தைப் படம்பிடிக்க முயன்றார் என்றும், தட்டு ஆயத்தமாகும் வரை சுடும் ஆணை தாமதிக்கப்பட்டது என்றும் 1886 ஜனவரியில் டைம்ஸ் இதழ் செய்தி வெளியிட்டது. நாடாளுமன்றத்தில் வினா எழுந்தது, விசாரணை நடந்தது, ஹூப்பர் கண்டிக்கப்பட்டார்.

சிக்கந்தர் பாக்கின் எலும்புகளை விலைகொடுத்து வாங்கிய அதே சமுதாயம், இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் இங்கே முகம் சுளித்தது. சினத்தின் பெரும்பகுதி சுவரோரம் நின்றவர்கள் கொல்லப்பட்டதன்மீது விழவில்லை. மூடியைத் திறப்பதற்காக அவர்களை அந்தச் சில நொடிகள் கூடுதலாக நிற்க வைத்ததன்மீதே விழுந்தது.